மிஸ் எலெக்டா தேய்க்கும் ஸ்பூன்

இன்று சாயங்காலம் நான் சந்தித்தது மிஸ் எலெக்டா ஸ்ப்ரேக்கை. ஈஸ்ட் ஹார்லோவில் அவரைத் தெரியாதவர்கள் யார் என்று கேட்பீர்கள். தினமும் காலையில் ஆலைச் சங்கு ஊத ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாலத்தைக் கடக்கிற அந்தக் கறுப்புத் தொப்பிதான். பென்ஃபீல்ட் கம்பெனியின் மெருகு அறையில் நாற்பத்தெட்டு வருஷமாக, ஜன்னலை ஒட்டிய முதல் இருக்கை அவருடையது. எனக்கும் அவரைத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வந்த வேகத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். நாளைக் காலைப் பத்திரிகையில் இது வந்தே ஆக வேண்டும்.

நான் போனது ஒரு சின்னக் குறிப்புக்காக. அக்டோபர் ஒன்பதாம் தேதி கம்பெனிக்கு ஐம்பது வயது. ஊர்வலம், பேண்டு, ஆற்றங்கரையில் விருந்து என்று எல்லாம் இருக்கிறது. கம்பெனியிலேயே மூத்த தொழிலாளி என்ன சொல்கிறார் என்று நாலு வரி வாங்கி வரச் சொல்லி ஆசிரியர் அனுப்பினார்.

கதவு திறந்திருந்தது. சமையலறையிலிருந்து சர்ர், சர்ர் என்று ஒரே சீராகச் சத்தம். மிஸ் எலெக்டா மேப்பிள் மரச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, ஒரு ஸ்பூனைக் குப்புறப் பிடிக்காமல், நாம் சாப்பிட்டு முடித்து வைக்கிற மாதிரியே மேசையில் வைத்து, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தார். இடது கையால்.

"ஆறாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. உக்காரு பொண்ணே, பேசாதே. நானூறு வரட்டும்."

உட்கார்ந்தேன். நானூறு வந்தது. ஸ்பூனைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் காட்டினார்.

"இதுல என்ன தெரியுது, சொல்லு."

"ரொம்ப நல்லா பளபளன்னு இருக்கு, மிஸ் எலெக்டா."

"ஆமா," என்றார். "அதுதான் என் வயித்தெரிச்சல்."

நாலு வரிக்காகப் போனவள் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டு. கம்பெனிக்கு அப்போது வயது ஐந்து. தகரச் சாமான்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்த எஸ்ரா பென்ஃபீல்ட், பித்தளை ஸ்பூனுக்கு வெள்ளி முலாம் பூசி விற்கலாம் என்று தைரியமாக இறங்கிய காலம். தைரியம் இருந்த அளவு முலாம் இருக்கவில்லை. பாஸ்டனில் ஒரு விடுதிக்கு அனுப்பிய ஸ்பூன்கள் எட்டே மாதத்தில் மர டிரம்மில் நிரம்பித் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் மஞ்சள் பல்லிளித்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு விடுதிகள் திருப்பி அனுப்பின.

எலெக்டாவுக்கு இருபத்தோரு வயது. திரும்பி வந்ததையெல்லாம் தரம் பிரிக்கிற வேலையை அவர் தலையில் கட்டினார்கள். மூன்று நாள் பிரித்தார். மூன்றாம் நாள்தான் கவனித்தார், எல்லா ஸ்பூனும் ஒரே இடத்தில்தான் தேய்ந்திருந்தது. ஸ்பூனை மேசையில் வைத்தால் குழிவின் அடியில் எந்த இடம் பலகையில் படுகிறதோ, அந்த இடம். நம் ஆலையில் அதற்குக் குதிகால் என்று பெயர். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி, குதிகாலில் மட்டும் நகக்கண் அளவு பித்தளை.

அண்ணன் லைமனிடம் சொன்னார். லைமன் ஸ்ப்ரேக், இருபத்துநாலு வயது, முலாம் தொட்டியில் வேலை.

"முதலாளி என்ன சொன்னார்னா, முழு ஸ்பூனுக்கும் கனமா பூசினா கம்பெனியே தாங்காதுன்னார்," என்று மிஸ் எலெக்டா சொன்னார். "லைமன்தான் கேட்டான், முழுசுக்கும் எதுக்கு, செருப்பு தேயுற இடத்துலதானே லாடம் அடிக்கிறோம்னு. ஒரு மரச்சட்டம் செஞ்சான். அதுல ஸ்பூனை மாட்டினா குதிகால் மட்டும் தொட்டிக்குள்ள முங்கும், மத்ததெல்லாம் வெளிய நிக்கும். முதலாளி சிரிச்சார். கோழிக்குக் கால் கழுவுற மாதிரி இருக்குன்னார்."

சிரித்தவரை நம்ப வைக்க அண்ணனும் தங்கையும் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே அச்சில் இரண்டு ஸ்பூன். ஒன்று சாதாரண முலாம். இன்னொன்று குதிகாலுக்கு மட்டும் இரண்டாம் முலாம். சாப்பாடு முடிந்ததும் இதே மேசையில், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு தேய்த்தார்கள். எண்ணி எண்ணித் தேய்த்தார்கள். மேசை பாழாகிறது என்று அவர்கள் அம்மா தினமும் கத்தினாராம். அந்தக் கீறல்களை இன்று நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

சாதாரண ஸ்பூன் நாலாயிரத்து நூறில் மஞ்சளைக் காட்டியது. இன்னொன்று பன்னிரண்டாயிரம் வரை போயும் வெள்ளையாகவே இருந்தது. அதற்கு மேல் தேய்க்க இரண்டு பேருக்கும் பொறுமை இல்லை. தேய்ந்த ஸ்பூனின் அந்த மஞ்சள் பொட்டுக்குள்ளேயே லைமன் ஊசி முனையால் தன் பெயரின் முதலெழுத்துகளையும் 4100 என்ற எண்ணையும் கீறினான். இரண்டையும் முதலாளி மேசையில் கொண்டுபோய் வைத்தான். அடுத்த வருஷமே ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'இரட்டைக் குதிகால்' என்று அச்சடித்து வந்தது. நம் ஊரில் இன்று ஓடுகிற எல்லாமே, பள்ளிக்கூடம், பாலம், நம் பத்திரிகை கூட, அந்தக் குதிகாலில்தான் நிற்கிறது.

மூன்று வருஷம் கழித்து லைமன் நெஞ்சு நோவில் இறந்தான். முலாம் தொட்டிக்காரர்களுக்கு வருகிற அதே இருமல்.

இப்போது விழாவுக்காகக் கம்பெனி ஒரு ஐம்பதாண்டு மலர் போடுகிறது. அதில் இருக்கிற கதை இப்படி: எஸ்ரா பென்ஃபீல்ட் ஒரு நாள் தன் மனைவி மேசை துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டென்று அவருக்கு இரட்டைக் குதிகால் தோன்றியது.

மிஸ் எலெக்டா இதற்காகச் சண்டைக்குப் போகவில்லை. வசந்த காலத்திலேயே, மலர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டவுடன், அந்த இரண்டு ஸ்பூனையும் ஃபிளானல் துணியில் சுற்றி, விவரத்தை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, விழாக் கமிட்டிச் செயலாளர் மிஸ்டர் ஆரின் ஷெல்டனிடம் கொடுத்தார். ஸ்பூன் பேசும், நாம் பேச வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் மாதம் ஆபீஸ் முகப்பில் கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். சாப்பாட்டு மணிக்குப் பார்க்கப் போனார். உள்ளே நீல வெல்வெட்டில் இரண்டு ஸ்பூன், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டும் நேற்றுப் பிறந்த மாதிரி மின்னின. மஞ்சள் இல்லை. எழுத்து இல்லை. கீழே அட்டை: 'நிறுவனர் எஸ்ரா பென்ஃபீல்டின் சாப்பாட்டு மேசை ஸ்பூன்கள், 1852.'

என்ன நடந்திருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. மங்கின ஸ்பூனைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற கை ஈஸ்ட் ஹார்லோவில் உண்டா? துக்க வீட்டுக்குப் போனால் கூட அங்கே இருக்கிற சர்க்கரைக் கிண்ணத்தைக் கைக்குட்டையால் துடைக்கிறவர்கள் நாம். முலாம் கம்பெனியின் கண்ணாடிப் பெட்டியில் முலாம் போன ஸ்பூனா? கமிட்டி கூச்சப்பட்டு, இரண்டையும் ஆலைக்குள் அனுப்பி, புதுசாகப் பூசி வாங்கிவிட்டது.

மிஸ் எலெக்டா நேராக உள்ளே போனார்.

"மிஸ்டர் ஷெல்டன், அந்த ஸ்பூனோட ஒரு தாள் இருந்துச்சே."

"தாளா? நான் எதுவும் பாக்கலையே, மிஸ் ஸ்ப்ரேக்."

"ஃபிளானல் துணியாவது இருந்துச்சா?"

"அது இருந்துச்சு. நல்ல துணி. அதை வெச்சுத்தான் பெட்டிக் கண்ணாடியத் தொடைச்சோம்."

"அதுல ஒரு ஸ்பூன் தேஞ்சிருந்துச்சு. எங்க அண்ணன் பேரு இருந்துச்சு."

"ரொம்ப மோசமாத் தேஞ்சிருந்துச்சு," என்று அவர் அனுதாபத்தோடு ஒத்துக்கொண்டார். "நீங்க கவலையே படாதீங்க. அதைத்தான் ஒண்ணுமே தெரியாத மாதிரி சரிபண்ணிட்டோம்."

மிஸ் எலெக்டா இதைச் சொல்லும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது, எதை அடக்குவது என்று தெரியவில்லை.

ஷெல்டன் கெட்டவர் இல்லை. மலர் அக்டோபர் ஐந்தாம் தேதி அச்சகத்திலிருந்து பைண்டிங்குக்குப் போகிறது. நாலாம் தேதிக்குள் லைமனின் எழுத்தைக் கண்ணில் காட்டினால், ஒவ்வொரு மலரிலும் அவன் பெயரை அச்சடித்த சீட்டு ஒட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார். "எழுத்தைக் காட்டுங்க, போதும். வாய்வார்த்தையா சொன்னா, நாளைக்கு இன்னும் பத்து பேர் எங்க தாத்தாதான் கண்டுபிடிச்சார்னு வருவாங்க. நான் என்ன பண்ண?" என்றார். பெட்டியைத் திறந்து, "ரெண்டும் ஒண்ணுதானே, ஏதாவது ஒண்ணை எடுத்துட்டுப் போங்க," என்றும் சொன்னார்.

இரண்டும் ஒன்றில்லை. மிஸ் எலெக்டா இரண்டின் குதிகாலையும் கட்டைவிரலால் தடவி ஒன்றை எடுத்தார். அந்த நேரத்தில் வெளிச்சம் சாய்ந்து ஸ்பூன் மேல் விழுந்தது. அப்போதுதான் வேறொரு விஷயமும் கண்ணில் பட்டது.

மெருகுக் கல்லால் தேய்த்த வெள்ளியைச் சாய்த்துப் பார்த்தால் கோடுகள் தெரியும், மயிரிழை மாதிரி. எல்லாருடைய கோடும் வலது பக்கம் சாயும். இந்தக் கோடு இடது பக்கம் சாய்ந்திருந்தது. மெருகு அறையில் நாற்பது பெண்கள் உட்காருகிறார்கள். இடது கைக்காரி ஒருத்திதான்.

"நான்தான் தேச்சிருக்கேன்," என்றார். "என் கையாலேயே தேச்சிருக்கேன். ஜூன் மாசம் ஒரு தட்டு வந்துச்சு, பன்னெண்டு டஜன். தொட்டியிலருந்து வரும்போது எல்லாமே சுண்ணாம்பு பூசின மாதிரிதானே இருக்கும், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியாது. அதுல ரெண்டு பழைய அச்சு. யாரோ ரிப்பேருக்கு அனுப்பினதுன்னு நெனச்சேன். ஒண்ணுல குதிகால்கிட்ட கட்டைவிரலுக்கு என்னவோ உறுத்துச்சு. முலாம்ல தூசி ஒட்டியிருக்குன்னு..."

ஸ்பூனை மேசையில் வைத்தார்.

"...இன்னும் அழுத்தித் தேச்சேன்."

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு மிஸஸ் பிரிட்ஜெட் கியோ பிரெட் கொண்டு உள்ளே வந்தார். இருபத்தைந்து வருஷமாக மெருகு அறையில் எலெக்டாவுக்கு அடுத்த இருக்கை. என்னைப் பார்த்ததும் பேச்சு எதைப் பற்றி என்று புரிந்துகொண்டார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார் பிரிட்ஜெட். "அன்னைக்கு நீ என்ன சொன்ன தெரியுமா எலெக்டா? 'இந்தக் காலத்துல தொட்டிக்காரங்களுக்குச் சுத்தமே கெடையாது, எல்லாத்தையும் நாமதான் நேராக்க வேண்டியிருக்கு'ன்ன. எம் புருஷனைத்தான் சொல்றேன்னு நான் ரெண்டு நாள் உன்கூட பேசல."

"உம் புருஷன் சுத்தமா இல்லாம இருந்திருந்தா நான் இன்னைக்கு இந்தப் பாடு படமாட்டேன்டி."

அதுதான் அடுத்த கூத்து. பிரிட்ஜெட்டின் கணவர் டென்னிஸ் கியோ முலாம் தொட்டியின் மேஸ்திரி. மிஸ் எலெக்டா ஸ்பூனைத் தேய்க்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். புது முலாம் தேய்ந்தால் கீழே அந்தப் பழைய மஞ்சள் பொட்டு வந்துவிடும், பொட்டு வந்தால் அதற்குள் இருக்கிற எழுத்தும் வரும், எத்தனை தேய்ப்பு ஆகும்?

டென்னிஸ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாராம். அவர் சொன்னதை பிரிட்ஜெட் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினார்.

"கமிட்டி சாமான்னு சீட்டு இருந்துச்சுங்க, மிஸ் ஸ்ப்ரேக். அதனால மூணு முலாம் குடுத்தேன்."

"மூணா!"

"அப்புறம் குதிகாலுக்குத் தனியா."

"குதிகாலுக்கு எதுக்குய்யா? அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்துக் கெடக்கப் போற ஸ்பூன்!"

"எதுவா இருந்தாலும் குதிகாலை விடக்கூடாதுங்களே. புதுசா வேலைக்கு வர்றவனுக்கு முதல் நாள் சொல்லிக் குடுக்கிறதே அதுதானே. சட்டத்துல மாட்டி, சாதாரணமா வைக்கிறதைவிட ஒரு மணி நேரம் கூடவே வெச்சேன். விழாவாச்சேன்னு."

"யார் செஞ்ச சட்டம்னும் சொல்லிக் குடுப்பீங்களா?"

"பெரிய முதலாளி செஞ்சதுன்னு சொல்வோம்," என்றார் டென்னிஸ். பிறகு ரொம்ப மெதுவாக, "இருபதாயிரமாவது ஆகும். இருபத்தஞ்சு கூட ஆகலாம்."

பிரிட்ஜெட் நடிப்பை நிறுத்திவிட்டு, "பாவம், ராத்திரி சாப்பாட்டுல எம்முகத்தையே பாக்கல," என்றார்.

அமிலத்தில் முக்கினால் வெள்ளி பத்து நிமிஷத்தில் போய்விடுமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெள்ளி போகும். கூடவே பித்தளையையும் அரிக்கும். ஊசியால கீறின எழுத்து எவ்வளவு ஆழம் இருக்கும்னு நெனக்கிற? உப்புத்தாள் போட்டாலும் அதே கதைதான். நானே ஏற்கெனவே அதை அழுத்தித் தேச்சு வெச்சிருக்கேன், மிச்சம் என்ன இருக்கோ எனக்கே தெரியாது. மேசையிலதான் தேய்க்கணும். அவன் தேச்ச மாதிரி."

கணக்கைப் பாருங்கள். ஆலை விட்டு வந்து, கஞ்சியோ ரொட்டியோ சாப்பிட்டு, ஒரு நாளைக்கு முந்நூறு தேய்க்கிறார். அதற்கு மேல் மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. பகலில் அதே கையால் கம்பெனிக்கு ஸ்பூன் மெருகு போட வேண்டும். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. இந்த வேகத்தில் போனால் நாலாம் தேதி பன்னிரண்டாயிரத்தைச் சுற்றி எங்கேயோ நிற்பார். அதுவரைக்கும் மஞ்சளைக் காட்டாமல் இருக்கத்தானே லைமன் அந்தச் சட்டத்தைச் செய்தான்?

இதை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றார் மிஸ் எலெக்டா. "ஒவ்வொரு நூறு முடிஞ்சு திருப்பிப் பாக்கும்போதும் தெரியும். வெள்ளை வெளேர்னு இருக்கு. அவ்வளவு நல்ல வேலை. அவனைத் திட்டவும் முடியல, பாராட்டவும் முடியல."

நான் தேய்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன். பிரிட்ஜெட், "குடேன், புள்ள கேக்குதுல்ல. நாங்க கேட்டப்பவும் நீ குடுக்கல. உன் வீம்புக்கு லைமன் என்ன பண்ணுவான்?" என்று ஒரு போடு போட்டார். மிஸ் எலெக்டா அவரை முறைத்துவிட்டு ஸ்பூனை என் பக்கம் தள்ளினார்.

பத்து தேய்ப்பு கூட ஆகவில்லை.

"சூப்பு கலக்குறியா? அழுத்தாதே. அழுத்தினா எழுத்து நசுங்கும். சாப்பிட்டு முடிச்சு, இன்னும் கொஞ்சம் வேணும்னு யோசிக்கிறப்ப ஸ்பூனை இப்படியும் அப்படியும் இழுப்பியே, அப்படி இழு."

இழுத்தேன். நூறு முடிவதற்குள் என் தோள் கடுத்தது. எனக்கு இருபத்து மூன்று வயது, அவருக்கு அறுபத்தாறு. ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்திருப்பேன். அவர் வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, சுவரில் மாட்டியிருந்த சிலேட்டில் 6500 என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் யோசித்து, என் பெயரையும் எழுதினார்.

"அவன் பேரு வரலைன்னாலும்," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "வரணும். வந்துதான் ஆகணும். தேச்சதும் நான், குடுத்ததும் நான்."

இந்த நகரத்தில் ஸ்பூனைக் கையாளத் தெரிந்தவர்கள் ஆயிரத்து இருநூறு பேர் இருக்கிறோம். ஆளுக்கு நூறு என்றால் நூற்றைம்பது பேர் போதும். கிளம்பும்போது இதை அவரிடம் சொன்னேன். ஊரையே வீட்டுக்குள் விட முடியாது என்றார். பிரிட்ஜெட் சனிக்கிழமை மட்டும் விடலாமே என்றார். நீண்ட நேரம் வாதம் நடந்தது. கடைசியில், "கை கழுவிட்டு வரணும். மோதிரம் போட்டிருக்கக் கூடாது. அழுத்தினா வெளியே அனுப்பிடுவேன்," என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆகவே, செப்டம்பர் பதினெட்டு, இருபத்தைந்து, அக்டோபர் இரண்டு. மூன்று சனிக்கிழமை. ஆலை மதியம் விட்டதும் பாலத்தைத் தாண்டி ஆற்றோரத் தெருவில் மூன்றாவது வீட்டுக்குப் போங்கள், கதவைத் தட்ட வேண்டியதில்லை. பிரிட்ஜெட் அடுப்பில் பீன்ஸ் வைத்திருப்பார். வேறு ஊருக்குக் குடிபோன பழைய ஆலைக்காரர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்தப் பக்கத்தை வெட்டி அவர்களுக்குத் தபாலில் போடுங்கள், ரயில் பிடித்து வரட்டும். வருகிறவர்கள் தயவுசெய்து ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்பூன் மங்கலாகத் தெரிந்தால் துடைக்காதீர்கள்.